பேட்டரியின் மேல் பழி போடாதீர்கள்

பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், விசாரணையே இல்லாமல் தண்டனை பெறுவது பேட்டரிதான். புதுப் பேட்டரி வருகிறது. பழையது எடைக்குப் போகிறது. ஒரு மாதம் எல்லாம் நலம். பிறகு ஒரு மழை நாளில் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. இன்னொரு பேட்டரி. அதுவும் இறங்கிப்போனபின், "வண்டிக்கு வயசாயிடுச்சு, தள்ளிவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. அப்பா ஆசையாக வாங்கிய கார் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகிறது.

அப்படிப் போன வண்டிகள் சிலவற்றை இந்தப் பெங்களூரில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அளந்து பார்க்காமல் செலவு செய்யும் நம் பழக்கம்தான் அவற்றைக் கொன்றது என்பது என் உறுதியான கருத்து. சங்க இதழில் கார் ரிப்பேரா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கவிதைப் பக்கத்துக்கும் மணமக்கள் தேவைப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் கிரீஸ் படிந்திருந்தால் குற்றமில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'மகிழுந்து' என்றும் 'மின்கலம்' என்றும் எழுதினால் நம் தமிழாசிரியர்கள் மகிழ்வார்கள், ஆனால் ஜே.சி. ரோட்டில் போய் 'மின்கலம்' என்று கேட்டால் கடைக்காரர் கைக்கடிகாரக் கடைக்கு வழி சொல்லுவார். ஆகவே பட்டறையில் எந்தச் சொல் வழங்குகிறதோ அந்தச் சொல்லையே இங்கும் எழுதுகிறேன்.

நான் ஒரு பொதுத்துறை ஆலையின் மின் பராமரிப்புப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய மோட்டாரானாலும் காரின் டைனமோவானாலும் எங்கள் பிரிவில் ஒரே சட்டம்தான். மீட்டரை வைக்காமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

பெங்களூர்வாசிகளுக்கு பேட்டரியைப் பற்றி விளக்குவது எளிது. சம்ப்பும் மோட்டாரும் மேல்தொட்டியும் இல்லாத வீடு இங்கே எங்கே இருக்கிறது? பேட்டரி என்பது மேல்தொட்டி. டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் என்பது மோட்டார். வயர்கள் குழாய்கள். காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாராவது உடனே போய்ப் புதுத் தொட்டி வாங்கி வருவார்களா? மோட்டார் ஓடுகிறதா, வால்வு திறக்கிறதா, இரவெல்லாம் எங்காவது ஒழுகியதா என்றுதானே பார்ப்போம். வீட்டுத் தொட்டிக்குக் காட்டும் நியாயத்தைக் கார் பேட்டரிக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம்மவர் வீடுகளில் இன்னும் இருக்கும் பழைய கார்கள் பெரும்பாலும் மூன்று வகை. உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட், நம் சென்னைக்கு அருகில் பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு என்பதை மறைக்கவில்லை. இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடலமைப்பு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது. 1961 முதல் அதையே நம் ஊர்த் தொழிலாளிகள் செய்தார்கள். 1960களில் வந்த இந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். சென்னை பாடியில் 1961இல் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கியபின் கார் மின்சாமான் என்றாலே நம்மவர்களுக்கு 'லூகாஸ்' என்பது வீட்டுப் பெயராகிவிட்டது.

எங்கள் தெருவில் அப்படி ஒரு ஹெரால்டு இருக்கிறது. வீட்டுக்காரர் மெட்ராஸில் புதிதாக வாங்கி, 1974இல் மாற்றலாகி வந்தபோது குடும்பத்தையும் பாத்திரம் பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி வழியாக ஓட்டி வந்த வண்டி. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மகன் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். பார்த்த மெக்கானிக் ஒருவர், "டைனமோ போச்சு சார், ஆல்டர்னேட்டர் போட்டாத்தான் சரிவரும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருக்கிறார். இன்னொரு பக்கம் பழைய இரும்பு வாங்குபவர் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த அம்மாள் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, அவர் ஓட்டின வண்டி. கொடுக்கிறதுக்கு முந்தி நீங்க ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்க. நீங்களும் முடியாதுன்னுட்டா நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். முதலில் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தேன். வண்டி இரவெல்லாம் நின்றிருந்த நிலையில் 12.1 வோல்ட். நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6க்குக் குறையாமல் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆக, பேட்டரி பாதி காலி, ஆனால் செத்துப்போகவில்லை. பாதி பேட்டரியே அந்தச் சின்ன எஞ்சினை ஓரளவு சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை.

அடுத்து மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சினின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, "தம்பி, செல்ஃப் அடிங்க" என்றேன். இரண்டும் எர்த்தானே, அங்கே என்ன வோல்ட் இருக்கப்போகிறது என்று படித்தவர்கள்கூடக் கேட்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் செல்ஃப் அடிக்கும்போதும் அங்கே அரை வோல்ட்டுக்குள்தான் வரவேண்டும். மீட்டர் 5ஐத் தாண்டியது. அதாவது பேட்டரி கொடுத்ததில் பாதி, செல்ஃப் மோட்டாருக்குப் போகாமல் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

"இப்ப சோக் கம்பியைத் தொட்டுப் பாருங்க" என்றேன். தொட்ட கையை உதறினார். "என்ன அங்கிள், இது கொதிக்குது!"

விஷயம் இவ்வளவுதான். கார் எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகவே எஞ்சினையும் வண்டியின் உடம்பையும் இணைக்க, பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று இருக்கும். எர்த் பட்டை என்பார்கள். ஒரு வருடம் முன்பு யாரோ மவுண்ட் மாற்றும்போது பட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடவில்லை. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியரை ஒட்டிய கரன்ட் வேறு வழியில்லாமல் சோக் கம்பி, ஆக்ஸிலேட்டர் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்த சந்துகளில் எல்லாம் புகுந்து திரும்பிக்கொண்டிருந்தது. டைனமோ அனுப்பும் சார்ஜுக்கும் அதே கதிதான். வேகமாகப் போகும்போது கொஞ்சம் சார்ஜ் ஏறும். மெதுவாகப் போனால் ஏறாது. ஹெரால்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. சேஸிஸ் தனி, மேல் உடம்பு தனி. போல்ட் போட்டு இணைத்தது. போல்ட் இடுக்கில் துரு ஏறினால் அங்கேயும் எர்த் கெடும்.

புதுப் பட்டை ஒன்று வாங்கி, இரு முனையிலும் பெயின்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கினோம். பேட்டரியை ஓர் இரவு வெளியில் சார்ஜ் போட்டோம். மறுநாள் முதல் அடியிலேயே எஞ்சின் பிடித்தது. வேகம் கொடுத்தால் பேட்டரியில் 14 வோல்ட் வந்தது. போச்சு என்று சொல்லப்பட்ட அந்த டைனமோவை நாங்கள் கழற்றவே இல்லை. செலவு, இரண்டு பேர் மசால் தோசையும் காபியும் சாப்பிடும் காசு.

எல்லா வண்டியிலும் எர்த் பட்டைதான் குற்றவாளி என்று சொல்ல வரவில்லை. டைனமோ உண்மையிலேயே கெட்டுப்போவதும் உண்டு. ஆனால் அதைக் கழற்றி மேசையில் வைப்பதற்கு முன்பே, வண்டியில் இருந்தபடியே தெரிந்துகொள்ளலாம். அந்தச் சோதனை லூகாஸ் காலத்துப் பழைய கையேடுகளில் இருக்கிறது. நம் மூத்த எலக்ட்ரீஷியன்களுக்கு மனப்பாடம். டைனமோவின் பின்னால் இரண்டு முனை உண்டு. பெரியது டி, சின்னது எஃப். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைக்கவேண்டும். அந்த இணைப்புக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டவேண்டும். வோல்ட் தயங்காமல் ஏறினால் டைனமோ நல்லது. 20ஐத் தொடுமுன் நிறுத்திவிட வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். அரை முதல் ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயில் மீது சந்தேகம். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் "டைனமோ போச்சு" என்று ஒருவர் சொன்னால், அது ஜோசியம்.

பல மாதம் நின்றுபோன வண்டியாக இருந்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். டைனமோவில் எந்தக் கோளாறும் இருக்காது, ஆனால் சார்ஜ் வராது. காரணம், டைனமோ தன் மின்சாரத்தைத் தானே தொடங்குவது அதன் இரும்பில் தேங்கியிருக்கும் கொஞ்சநஞ்சக் காந்தத்தை நம்பித்தான். அந்தக் காந்தம் மங்கிவிட்டால் வேலை தொடங்காது. எஃப் முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரால் அந்த எஃப் முனையை ஒரே ஒரு கணம் தொட்டு எடுத்தால் காந்தம் விழித்துக்கொள்ளும். தொடும்போது சின்னப் பொறி பறக்கும். ஆகவே பேட்டரிக்குப் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பீடி பிடித்துக்கொண்டு பேட்டரி மூடியைத் திறந்து எட்டிப்பார்க்கும் பெரியவர்களையும் அன்போடு அப்பால் நகர்த்திவிடுங்கள்.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கைப் பற்றிப் பலருக்கும் தப்பான எண்ணம் இருக்கிறது. விளக்கு அணைந்தால் பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று நம்புகிறார்கள். அந்த பல்பின் ஒரு பக்கம் பேட்டரி, மறுபக்கம் டைனமோ. இரண்டு பக்கமும் வோல்ட் சமமானால் பல்பு அணையும். அவ்வளவே அதற்குத் தெரியும். ஓடும் வண்டியில் அது மங்கலாக எரிந்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எங்கோ இணைப்பு சரியில்லை என்று பொருள். தேடவேண்டிய இடம் பேட்டரியல்ல. டைனமோ வண்டியில் இந்த பல்பு ஃபியூஸ் ஆனாலும் சார்ஜ் நடக்கும். ஆல்டர்னேட்டர் வண்டிகள் பலவற்றில் நடக்காது. அங்கே தொடக்கக் கரன்ட் அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. ஒரு சின்ன பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். கட்-அவுட் ஒருவழிக் கதவு. டைனமோ வேகமெடுத்தால் திறந்து பேட்டரிக்கு வழிவிடும். எஞ்சின் நின்றால் மூடி, பேட்டரியின் கரன்ட் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கும். அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நின்றபின்னும் பேட்டரி டைனமோவுக்குள் வடிந்துகொண்டே இருக்கும். வயர் சூடாகிப் புகையும். அந்த வாசனை வந்தால் யோசிக்காமல் முதலில் பேட்டரி முனையைக் கழற்றுங்கள். ரெகுலேட்டர் எவ்வளவு சார்ஜ் போகலாம் என்று தீர்மானிப்பது. அதில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. சார்ஜ் குறைவு என்றதும் அந்த ஸ்க்ரூவைத் திருக சிலருக்குக் கை துறுதுறுக்கும். இந்த ஊரில் வாழ்க்கையே 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'தான் என்றாலும், ரெகுலேட்டரில் மட்டும் அது கூடாது. அடியில் எர்த் கெட்டிருக்கும்போது மேலே ஸ்க்ரூவைத் திருகினால், பிறகு எர்த்தைச் சரிசெய்த அன்று சார்ஜ் மிதமிஞ்சிப் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

ஃபேன் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கவேண்டும். லூகாஸ் டைனமோவின் பின்பக்கத்தில் எண்ணெய் விட ஒரு சின்னத் துளை இருக்கிறது. சர்வீஸின்போது சில சொட்டு எஞ்சின் ஆயில். பாசத்தில் அதிகம் ஊற்றினால் உள்ளே கம்யூட்டேட்டரில் வழிந்து அதுவே கோளாறாகும்.

இரவில் நிறுத்திக் காலையில் எடுத்தால் மட்டும் இறங்கிப்போகும் பேட்டரி வேறு வகை. அது ஒழுகும் குழாய். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் வயருக்கும் நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை வையுங்கள். பல்பு எரிந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள்; எதை எடுத்தால் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் திருடன். பழைய வண்டிகளில் பெரும்பாலும் பிற்காலத்தில் மகனோ மருமகனோ மாட்டிய பாட்டுப்பெட்டிதான் அகப்படும். பழைய ஆங்கிலேய கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த் என்பதை அறியாமல் இன்றைய சாமான்களை மாட்டிப் புகைய விடுவதும் நடக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தும் பேட்டரி இறங்குகிறது என்றால், குற்றம் வண்டியின் மேல் இல்லை, ஊரின் மேல்தான். நம்மில் பலர் ஒப்புக்கொள்ளத் தயங்கும் இடம் இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டும் தலா 45 வாட் என்றால் ஏழரை ஆம்பியர். பின்விளக்கு, நம்பர் விளக்கு, டாஷ் விளக்கு சேர்ந்து இரண்டு. வைப்பர் ஏறக்குறைய மூன்று. இக்னிஷன் மூன்று. மொத்தம் 15ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கால லூகாஸ் டைனமோ நல்ல வேகத்தில் தருவதே 19 முதல் 22 ஆம்பியர்தான். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, கட்-அவுட்டே வழிவிடாது. மழை பெய்யும் ஒரு மாலையில் சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் நின்றால் எட்டு ஆம்பியர்-மணி காலி. 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் பிடிக்கும் நாலைந்து ஆம்பியரில் அதைத் திரும்ப ஏற்ற, லைட்டோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடவேண்டும். பெங்களூரில் எங்கே ஓடுவது? ஓசூரைத் தாண்டினால்தான் உண்டு.

ஓடிக்கொண்டே இருக்கும் சாலைக்கு என்று செய்யப்பட்ட சாமான் டைனமோ. நின்றுகொண்டே இருக்கும் ஊரில் அது திணறினால் கோளாறு என்று பெயர் வைக்கக்கூடாது. எஞ்சினைச் சுற்ற மின்சார செல்ஃப் வந்ததே 1912ஆம் ஆண்டின் கேடிலாக் காரில்தான். அதற்கு முன் கையால் ஹேண்டில் சுற்றுவார்கள். நம் அம்பாசிடர், ஃபியட் காலத்திலும் டிக்கியில் ஹேண்டில் கிடந்தது. டைனமோ இறங்கிப்போனால் என்ன செய்வது என்று அந்த வண்டிகளைச் செய்தவர்களே யோசித்து வைத்திருந்தார்கள்.

அப்படியானால் ஆல்டர்னேட்டர் போடலாமா என்று கேட்பீர்கள். 1960இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் அதை நிலையான சாமானாகப் பொருத்தியதிலிருந்து உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது, காரணமும் நியாயமானதே. ஐடிலிலும் சார்ஜ் தரும். தினமும் பிள்ளையைப் பள்ளியில் விட்டு வேலைக்குப் போவது அந்தப் பழைய வண்டியில்தான் என்றால், தாராளமாகப் போடுங்கள். ஆனால் பேட்டரி எர்த் நெகட்டிவாக இருக்கவேண்டும். சார்ஜ் வயர் தடிமன் போதவேண்டும். பழைய அம்மீட்டர் புதுக் கரன்டைத் தாங்கவேண்டும். கழற்றிய டைனமோவை எடைக்குப் போடாமல் துணி சுற்றிப் பரணில் வையுங்கள். மாற்றியபின் பழைய மெக்கானிக் வழக்கம் ஒன்றை மறந்துவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, "ஓடுது பாருங்க, சார்ஜ் இருக்கு" என்று காட்டும் வழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் போய்விடக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை லால்பாக் வரை போய் வரும் வண்டிக்கோ ஆல்டர்னேட்டர் தேவையே இல்லை என்பேன். வாரம் ஒரு முறை சின்னச் சார்ஜரைப் போட்டுவிட்டால் போதும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் காத்துவரும் வண்டிகளை 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி நம்பரில் பழங்கால வாகனமாகப் பதியலாம். அப்படிப் பதிந்தால் அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். அந்த ஓட்டத்துக்கு அந்தக் கால டைனமோவே தாராளம்.

எனக்குக் கவலை தருவது டைனமோகூட அல்ல, அதன் வைத்தியர்கள். டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜே.சி. ரோடு, அதற்கு அடுத்த கலாசிபாளையம் சந்துகள், அந்தப் பக்கம் சிவாஜி நகர், இங்கெல்லாம் கார்பன் பிரஷ்ஷைக் கையால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும், ஆர்மேச்சரைப் பிரித்துச் சுற்றும் எலக்ட்ரீஷியன்கள் இருந்தார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். வேலூர், தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்து, கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, அடிபட்டுக் கற்றவர்கள். மீட்டர் இல்லாத காலத்தில் ஒரு பல்பையும் இரண்டு துண்டு வயரையும் வைத்துக்கொண்டு கோளாறின் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். இன்று அறுபது எழுபது வயது. பிள்ளைகள் படித்து ஐ.டி. வேலைக்குப் போய்விட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கைவித்தையை யாரும் எழுதி வைக்கவில்லை. கடை மூடும்போது அதுவும் மூடிக்கொள்கிறது.

இந்த ஜே.சி. ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான் கே.ஆர். மார்க்கெட். சிவசமுத்திரத்தில் 1902இல் உற்பத்தியான மின்சாரம் முதலில் கோலார் தங்கவயலுக்குப் போனது; அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் வடஆற்காட்டு மக்கள். பிறகு 1905இல் அதே மின்சாரத்தில் இந்த மார்க்கெட் பகுதியில் தெருவிளக்கு எரிந்தது. 2001இல் ரேவா மின்சாரக் கார் வந்ததும் இந்த ஊரிலிருந்துதான். இன்று இளைஞர்களிடம் 'சார்ஜிங்' என்று சொன்னால் சுவரில் பிளக் மாட்டுவது என்றே நினைக்கிறார்கள். வண்டி ஓடும்போது தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்ளும் என்று சொன்னால் வியக்கிறார்கள். எங்கள் தெரு ஹெரால்டு தம்பியும் அப்படித்தான் வியந்தார். இப்போது சனிக்கிழமைகளில் மல்டிமீட்டரோடு பானெட்டுக்குள் தலையைவிட்டு நிற்கிறார். அவருடைய மகள் டார்ச் பிடிக்கிறாள்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இந்த மூத்த எலக்ட்ரீஷியன்களுக்கு ஒதுக்குங்கள். மேடையும் மாலையும் வேண்டாம். வாசலில் நிழலான ஓர் இடம், ஒரு மேசை, ஒரு பழைய டைனமோ போதும். அவர்கள் செய்து காட்டட்டும். நம் பிள்ளைகள் போனில் படம் பிடித்துக்கொள்ளட்டும். பேருந்துச் செலவும் அன்றைய கூலியும் கொடுத்துக் கூப்பிட வேண்டும். ஒரு நாள் கடை மூடினால் அவர்களுக்கு நஷ்டம். அதற்கு நன்கொடை தர நான் தயார். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் வண்டியோடு வரலாம். வரும்போது பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீர் ஊற்றித் துடைத்து, காய்ந்தபின் கொஞ்சம் வாசலைன் தடவிக்கொண்டு வாருங்கள். சிலருக்கு அதோடே வேலை முடிந்துவிடும், அவர்கள் மற்றவர்களுக்கு டார்ச் பிடிக்கலாம்.